கேக் மாஸ்டரின் நாக்கு

ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை முடிவு கைக்கு வந்தபோது மணி பதினொன்றேகால்.

மாஸ்டர் எழுந்து நின்று வாங்கினார். பரீட்சையில் தேறிவிட்டோம் என்று முன்பே தெரிந்தவரின் முகம். மூன்று மாதமாக வாயைக் கட்டியிருந்தார். தாளைப் பிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

என்னவாம் என்றாள் தங்கை.  தாளைப் பிடுங்கினாள்.

பிடுங்க அவளுக்கு உரிமை இருந்தது. மாஸ்டரின் வயிற்றுக்குள் வேலை செய்துகொண்டிருந்த சிறுநீரகம் அவள் கொடுத்தது. கொடுத்து ஒரு வருடம் தாண்டிவிட்டது. ஆனாலும் அதன் மேல் அவளுக்கு ஒரு கண் இருந்துகொண்டே இருந்தது. போன் செய்தால் என் கிட்னி எப்படி இருக்கிறது என்றுதான் ஆரம்பிப்பாள். அண்ணனின் சௌக்கியம் அதற்கப்புறம். மாஸ்டரும் அவளுக்கு ஹவுஸ் ஓனர் என்று பேர் வைத்துவிட்டார். குடியிருப்பவன் சுவரில் ஆணி அடித்திருக்கிறானா என்று ஓனர் வந்து பார்க்கத்தானே செய்வார்.

சிறுநீரகம் நன்றாக இருந்தது. கெட்ட கொழுப்புதான் ஏறியிருந்தது. போன தடவை நூற்று நாற்பத்தெட்டு. இந்தத் தடவை நூற்று ஐம்பத்தொன்று.

டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு நாற்காலியைக் காட்டினார். கோபக்காரர் இல்லை, ஆனால் சுற்றி வளைக்கவும் மாட்டார். உடம்பு புது உறுப்பை விரட்டாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரைகள் கொழுப்பை ஏற்றத்தான் செய்யும் என்றார். கொழுப்பைக் குறைக்கிற மாத்திரையை இதற்கு மேல் கூட்ட முடியாது. இரண்டும் ஒன்றோடொன்று மோதும், தசையைக் கெடுக்கும். இப்படியே விட்டால் ரத்தக் குழாய்களில் படியும். இதயத்துக்கும் ஆபத்து, வாங்கிய சிறுநீரகத்துக்கும் ஆபத்து. ஆகவே மிச்சம் இருக்கும் வழி சாப்பாடு ஒன்றுதான்.

பிறகு வீட்டில் என்ன எண்ணெய் என்று கேட்டார். கேள்வி மாஸ்டருக்கு. பார்வை அவர் மனைவி மேல் போய் நின்றது. தங்கையும் அண்ணியைத் திரும்பிப் பார்த்தாள்.

மனைவி பள்ளி வேன் ஓட்டுபவள். பின்னால் இருபது பிள்ளைகள் கத்தினாலும் சாலையிலிருந்து கண்ணை எடுக்காதவள். அன்று கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். அவள் சமையலறையில் எண்ணெய் பாட்டிலில் இல்லை. சொட்டு மருந்துக் குப்பியில் இருந்தது. தாளிக்க நாலு சொட்டு. கோழியின் தோலை உரித்து எறிந்தாள். முட்டையின் மஞ்சளை எடுத்துவிட்டாள். ஆடை நீக்கிய பாலையும் இன்னொரு முறை ஆற வைத்து ஆடை இருக்கிறதா என்று தேடினாள். ஓட்ஸ், பயறு, அவித்த மீன், ஒரு பிடி பருப்புக் கொட்டைகள். அவளும் அதையே சாப்பிட்டாள். தனியாக அவருக்கு மட்டும் வைத்தால் தண்டனை மாதிரி இருக்கும் என்று.

"டாக்டர், இவ சமைக்கிறதைத் தவிர ஒரு வாய் வெளியில சாப்பிட்டதில்ல" என்றார் மாஸ்டர்.

மனைவிக்கு நற்சான்றிதழ் கொடுப்பதாக நினைத்துத்தான் சொன்னார்.  அது அவளுக்கு எதிரான சாட்சியாகப் போய் உட்கார்ந்துவிட்டது.

டாக்டர் கெடு வைத்தார். இரண்டு மாதத்தில் நூற்றுப் பத்துக்குக் கீழே வர வேண்டும். வராவிட்டால் பேக்கரி வேலைக்குக் கும்பிடு போட்டுவிட வேண்டும். நாள் பூராவும் வெண்ணெய்க்கு நடுவில் நிற்கிற மனுஷன் எத்தனை நாள்தான் தாக்குப்பிடிப்பார் என்றார்.

மாஸ்டருக்குக் காது அடைத்துக்கொண்டது. கேக்கை விட்டால் அவருக்குத் தெரிந்த வேலை கேக் ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி சொட்டுக் குப்பியை எடுத்துக் கழுவினாள். சுத்தமாக இருந்ததையே கழுவினாள். கழுவிக்கொண்டே இருந்தாள். மாஸ்டர் வாசலில் நின்று பார்த்தார்.  இவள் கண்ணுக்குத் தப்பி எங்கேயோ எண்ணெய் ஒளிந்திருக்கிறது என்று அவரும் உள்ளுக்குள் நினைத்தார் என்பதுதான் உண்மை.

தங்கை லிஃப்ட் மெக்கானிக். கோளாறு எங்கே என்று தெரியாவிட்டால் கீழே நின்று யோசிக்கக் கூடாது, உள்ளே ஏறி நின்று கூடவே போய்வர வேண்டும் என்பாள். மறுநாள் விடுப்புப் போட்டுவிட்டு பேக்கரிக்கு வந்து நின்றாள்.

"ஹவுஸ் ஓனர் திடீர் சோதனை" என்று மாஸ்டர் எல்லோருக்கும் அறிவித்தார். ஓவன்காரர் அவளுக்கு ஒரு முக்காலி போட்டார். மூலையில் உட்கார்ந்தாள்.

மாஸ்டர் வேலை செய்வதைப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. முகத்தில் முகமூடி, தலையில் தொப்பி. கிருமி தொற்றிவிடக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியதை அவர் வேதவாக்காக வைத்திருந்தார். கையை அடிக்கடி கழுவினார். இருமுகிறவனைப் பக்கத்தில் சேர்ப்பதில்லை. சர்க்கரைப் பாகைக் கொதிக்க விட்டு, அடிக்கும் இயந்திரத்தில் ஊற்றி, வெண்ணெயைக் கட்டி கட்டியாகப் போட்டார். க்ரீம் வெளுத்து, பொங்கி, பட்டுத் துணி மாதிரி மடிந்து விழுந்தது. முகமூடியை இறக்கினார். ஸ்பூன் நுனியில் எடுத்து நாக்கில் வைத்தார். கண்ணை மூடினார். முகமூடியை ஏற்றினார். ஸ்பூனைத் தொட்டியில் போட்டார். உப்பு ஒரு சிட்டிகை. மறுபடி ஒரு புது ஸ்பூன்.

தங்கை எழுந்து தொட்டியை எட்டிப் பார்த்தாள். பொழுது விடிந்து கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை. தொட்டியில் ஸ்பூன்கள் குவிந்து கிடந்தன. இத்தனை எதற்கு என்று கேட்டாள். ஒரு தடவை வாயில் வைத்ததை மறுபடி தொடுவதில்லை, அந்த அளவுக்குச் சுத்தம் என்று மாஸ்டர் பெருமையாகச் சொன்னார்.

 தங்கை ஒரு கிண்ணம் கேட்டு வாங்கினாள். அதற்குப் பிறகு மாஸ்டரின் முகமூடி இறங்கும்போதெல்லாம் அவளும் ஒரு ஸ்பூன் எடுத்தாள். அவர் எதிலிருந்து எடுத்தாரோ அதிலிருந்து, அவர் எடுத்த அளவே. அவர் வாயில் வைத்தார். அவள் கிண்ணத்தில் வைத்தாள். வெண்ணெய் க்ரீம், சாக்லேட் க்ரீம், பாலாடை, கேக்கின் நறுக்கிய ஓரம். வீட்டுக்கு எடுத்துப் போகச் சேர்க்கிறாள் என்று மாஸ்டர் நினைத்தார். ஓனருக்கு இல்லாததா என்று விட்டுவிட்டார்.

மதியம் மனைவி கொடுத்தனுப்பிய டப்பாவைத் திறந்து பயறும் கீரையும் சாப்பிட்டார். பாத்தியா என்பதுபோலத் தங்கையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்.

வேலை முடிந்து தொப்பியைக் கழற்றியபோது தங்கை கிண்ணத்தை அவர் முன்னால் வைத்தாள். விளிம்பு வரை வந்திருந்தது. மேலே ஒரு ஸ்பூனைக் குத்தி வைத்தாள்.

"சாப்பிடு."

"இதையா? விளையாடுறியா? இவ்வளவையும் மனுஷன் திம்பானா?"

"காலையிலிருந்து நீ தின்னது இது."

"நான் எங்க தின்னேன்? ருசிதான் பாத்தேன்."

"அண்ணா, உன் வயித்துக்கு அந்த வித்தியாசம் தெரியுமா?"

மாஸ்டர் ஓவன்காரரைப் பார்த்தார். ஓவன்காரர் கூரையைப் பார்த்தார். அவரும் அடுமனைக்காரர்தான். ருசி பார்ப்பதைச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்த்த ஆளை அவரும் கண்டதில்லை. தச்சன் மரத்தைத் தொட்டுப் பார்ப்பது போல அது. வேலை. வேலை எப்படிச் சாப்பாடாகும்?

கிண்ணத்தின் ஓரத்தில் வெண்ணெய் உருகிப் பளபளத்தது.  டாக்டர் அறையில் பழி மனைவி மேல் விழுந்தது அப்போதுதான் மாஸ்டருக்கு உறைத்தது. முகம் வெளுத்துவிட்டது.

கிண்ணத்தை நான் கொண்டுபோகிறேன் என்றார். பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டே போனார். வீட்டில் மனைவி முன்னால் வைத்தார்.

"இது நான். உன் சமையல் இல்ல."

மனைவி கிண்ணத்தைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். விஷயத்தைக் கேட்டாள். முழுக்கக் கேட்டுவிட்டு, டாக்டருக்குப் போன் போடச் சொன்னாள். நாளைக்குச் சொல்லலாமே என்றதற்கு, இல்லை, இப்போதே, என் காது கேட்க என்றாள். மாஸ்டர் போட்டார். என் வீட்டுச் சமையலில் குற்றமில்லை டாக்டர், குற்றம் என் நாக்கில் என்று எழுந்து நின்று சொன்னார். டாக்டர் சிரித்தாராம். பரவாயில்லை, திருடன் அகப்பட்டானே என்றாராம். மனைவி அதற்குப் பிறகுதான் தட்டு வைத்தாள்.

அதுதான் சுலபமான பகுதி.

மறுநாள் முதல் மாஸ்டரின் முகமூடி இறங்கக் கூடாது. இதை நடைமுறைப்படுத்தும் பொறுப்பைத் தங்கை ஓவன்காரரிடம் ஒப்படைத்திருந்தாள். அவர் மாஸ்டரின் கையிலேயே கண்ணாக இருந்தார். கை தன்பாட்டுக்கு ஸ்பூனைத் தேடிப் போகும். கரண்டிக் காம்பால் ஒரு தட்டு. மாஸ்டர், கை. கொஞ்ச நேரத்தில் மறுபடி. மாஸ்டர், கை. ஒரு தடவை முகமூடியோடேயே ஸ்பூனை வாய்க்குக் கொண்டுபோய்த் துணியில் க்ரீமைப் பூசிக்கொண்டார். அன்று பேக்கரியே வயிறு வலிக்கச் சிரித்தது.

ஆனால் கேக் சிரிக்கவில்லை.

அவருக்குப் பதில் மற்றவர்கள் ஆளுக்கொரு வேளை ருசி பார்ப்பது என்று ஏற்பாடு. பார்த்தார்கள். நல்லா இருக்கு மாஸ்டர் என்றார்கள். எப்படி நல்லா இருக்கிறது, இனிப்பு முதலில் வருகிறதா, கடைசியில் வருகிறதா, நாக்கில் ஒட்டுகிறதா, கரைகிறதா என்று போலீஸ் விசாரணை மாதிரி கேட்டார். ஓவன்காரர் யோசித்து யோசித்து, "ரொம்ப நல்லா இருக்கு மாஸ்டர்" என்றார். கண்ணைக் கட்டிக்கொண்டு கார் ஓட்டுகிறவனிடம் பக்கத்தில் இருப்பவன் சாலை அழகாக இருக்கிறது என்று சொன்னால் எப்படி இருக்கும். உப்பே விழாத க்ரீம் ஒன்று கடைக்குப் போய்த் திரும்பி வந்தது. அப்புறம் திகட்டுகிறது என்று ஒரு கேக்.

முதலாளி நல்லவர். நல்லவிதமாகத்தான் சொன்னார். உங்கள் உடம்புதான் முக்கியம் மாஸ்டர், முடியவில்லை என்றால் சொல்லிவிடுங்கள், நான் வேறு ஆள் பார்க்கிறேன் என்றார்.

ருசி பார்த்தால் டாக்டர் வேலையைப் பறிப்பார். பார்க்காவிட்டால் முதலாளி பறிப்பார். மாஸ்டருக்கு இரண்டு பக்கமும் இடி.

ஒரு மதியம் சாப்பாட்டு டப்பா கொண்டுவரும் பையன் வராமல் போக, மனைவியே காலைப் பள்ளி டிரிப்பை முடித்துவிட்டு வேனோடு வந்தாள். அப்போது எலுமிச்சை க்ரீம் தயாராகி நின்றது. ருசி பார்க்கும் முறை ஓவன்காரருக்கு. அவர் கையில் மாவு. அண்ணி, நீங்களே ஒரு சொட்டு பாருங்கள் என்று ஸ்பூனை நீட்டினார். மரியாதைக்குத்தான்.

அவள் நுனி நாக்கில் வைத்தாள். முகத்தைச் சுளித்தாள்.

"வெண்ணெய் வாசல்லயே நிக்குது. எலுமிச்சையை உள்ள விட மாட்டேங்குது."

அடிக்கும் இயந்திரம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. மாஸ்டர் அதை நிறுத்தினார்.

இன்னொரு முறை சொல் என்றார். சொன்னாள். எலுமிச்சைத் தோலைச் சீவினார். சாற்றைப் பிழிந்தார். ஒரு கல் உப்பு. மறுபடி ஸ்பூன். இப்போது எலுமிச்சை வருகிறது, ஆனால் ஓடி வருகிறது, மூச்சு வாங்குகிறது என்றாள். சர்க்கரையை ஒரு துளி கூட்டினார். இப்போது?

"இப்ப ரெண்டும் சேர்ந்து வருது. கடைசியில எலுமிச்சை மட்டும் போகாம நிக்குது."

மாஸ்டருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அவர் அந்தக் க்ரீமைத் தொடவில்லை. ஆனால் முகமூடிக்குப் பின்னால் அது அவர் நாக்கில் இருந்தது. வாசல், ஓட்டம், மூச்சு, நிற்பது. எல்லாமே தெரிந்தது.

இது எங்கே கற்றாய் என்று கேட்டார். எண்ணெய் இல்லை, உப்பு அரை வீசம் என்று தன்னைச் சமைக்க விட்டது யார் என்று அவள் திருப்பிக் கேட்டாள். அந்தச் சட்டியில் ஒரு மிளகை நசுக்கிப் போட்டாலும் எங்கே போய் நிற்கிறது என்று தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. தேடித் தேடி நாக்கு தீட்டிக்கொண்டுவிட்டது. இவ்வளவையும் அவள் ஏதோ வேன் டயருக்குக் காற்று அடித்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள். அன்றிரவு அவள் வைத்த பயற்றுக் குழம்பை மாஸ்டர் முதல் முறையாக மருந்து மாதிரி விழுங்காமல் சாப்பிட்டார். பின்னால் எங்கேயோ இஞ்சி இருந்தது. இத்தனை மாதம் இருந்திருக்கும்.

அதிலிருந்து தினமும் மதியம் வேன் பேக்கரி வாசலில் நின்றது. சட்டிக்கு ஒரு நுனி, அதற்கு மேல் தொட மாட்டாள். அவள் சொல்வாள், அவர் திருத்துவார். வெறும் நல்லா இருக்கிற கேக்கெல்லாம் போய், கேட்டு வாங்குகிற கேக்காயிற்று. முதலாளி வேறு ஆள் பேச்சை எடுக்கவில்லை. மாஸ்டர் காலையில் எழும்போதே பரபரப்பாக எழுந்தார். ஒரு சட்டியை அடித்து வைத்துவிட்டு வேன் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பது, இருபது வருட அனுபவத்தில் இல்லாத கிளுகிளுப்பு. ஓவன்காரர் கிண்டல் செய்தார். கல்யாணத்துக்கு முன்னால்கூட மாஸ்டர் இப்படி வாசலைப் பார்த்ததில்லையாம்.

கெடு முடிகிற நாள் வந்தது. காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்துவிட்டு மாஸ்டர் நேராக வேலைக்கு வந்துவிட்டார். முடிவை வாங்கத் தங்கை ஆஸ்பத்திரியில் காத்திருந்தாள். பேக்கரியில் அன்று தள்ளிப்போட முடியாத வேலை. ஒரு பெரிய அலுவலகத்தின் ஆண்டு விழாவுக்கு மூன்றடுக்குக் கேக். ஆள் உயரத்தில் பாதி. அடுக்கியாயிற்று. மேல் பூச்சு மட்டும் பாக்கி. டெலிவரி வேன் வாசலில் எஞ்சினை அணைக்காமல் நின்றது. முதலாளி கடைக்கும் சமையலறைக்கும் நடையாய் நடந்தார்.

 மாஸ்டரின் காது போன் மேலேயே இருந்தது. நூற்றுப் பத்து. அதற்கு மேல் ஒரு புள்ளி வந்தாலும் இதுதான் அவர் பூசும் கடைசிக் கேக்.

க்ரீம் தயாராயிற்று. வெள்ளை வெளேர் என்று மடிந்து நின்றது. முதலில் ஓவன்காரர் பார்த்தார். பிரமாதம் என்றார். நல்லா இருக்கு என்பதைத் தாண்டி அவர் சொன்ன முதல் வார்த்தை. முதலாளியும் ஒரு ஸ்பூன் எடுத்து, அருமை, பூசுங்கள், நேரமாகிறது என்றார். மனைவி அப்போதுதான் வந்து கையைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஸ்பூனை எடுத்து நாக்கு நுனியில் வைத்தாள். கண்ணை மூடினாள். வாயைத் திறந்தாள்.

போன் அடித்தது.

மாஸ்டரின் கை மாவும் க்ரீமுமாக இருந்தது. ஓவன்காரர் எடுத்து ஒலிபெருக்கியைப் போட்டு மேடை மேல் வைத்தார். தங்கைக்கு மூச்சு இரைத்தது. படியில் ஓடி வந்திருக்கிறாள். லிஃப்ட் வேலை செய்யவில்லையா என்று மாஸ்டர் கேட்டார். அந்தச் சமயத்திலும் அவருக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"நூத்தி நாலு" என்றாள் தங்கை. "நூத்தி நாலு அண்ணா. என் கிட்னி பொழச்சுது."

"நான்?"

"நீயுந்தான், போ."

அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று போனில் தெரியவில்லை. டாக்டர் வேலையைத் தொடரச் சொல்லிவிட்டார், ஆனால் இந்தப் பத்தியம் ஆயுசுக்கும், முகமூடி இறங்கினால் தானே வந்து கதவைப் பூட்டுவாராம் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். ஓவன்காரர் கரண்டியால் தட்டில் தாளம் போட்டார். யாரோ விசில் அடித்தார்கள். மாஸ்டர் மாவுக் கையோடு முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். சிரிப்பு முகமூடிக்குள் அடங்காமல் கண் வழியே வழிந்தது.

முதலாளிக்கும் தாங்கவில்லை. நாளையிலிருந்து மாஸ்டர் வீட்டம்மாவும் இங்கே சம்பளத்துக்கு வர வேண்டும் என்று அந்த இடத்திலேயே அறிவித்தார். காலையும் மாலையும் வேன் ஓட்டட்டும், நடுவில் இந்த மேடைக்கு அவள்தான் நாக்கு, அவள் சரி என்று சொல்லாமல் ஒரு கேக் வாசலைத் தாண்டாது. எல்லோரும் கை தட்டினார்கள். வெளியே டெலிவரி வேன் ஹாரன் அடித்தது. பூசுங்கள் மாஸ்டர், பூசுங்கள் என்றார் முதலாளி.

மாஸ்டர் தட்டைக் கரண்டியை எடுத்தார். க்ரீமை அள்ளினார். அள்ளியபோதுதான் கவனித்தார். மனைவி கை தட்டவில்லை. ஸ்பூனைப் பிடித்தபடியே நின்றுகொண்டிருந்தாள். வாய்க்குள் எதையோ இன்னும் தேடிக்கொண்டிருந்தாள்.

என்ன என்று கண்ணால் கேட்டார்.

பொறுங்கள், முதலில் ஒரு விஷயம் என்று அவள் சட்டியைத் தன் பக்கம் இழுத்தாள். ஓவன்காரரின் தாளம் நின்றது. முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மாஸ்டர் க்ரீமைப் பார்த்தார். வெள்ளை வெளேர். ஒரு குறையும் தெரியவில்லை. அவருடைய கை தன்பாட்டுக்கு ஒரு ஸ்பூனைத் தேடிப் பாதி தூரம் போய்விட்டது. யாரும் தட்டவில்லை. அதுவாகவே நின்றது.

மீண்டும் ஹாரன்.

"வெண்ணெய்ல ஒரு பழைய வாடை, கடைசியில வந்து நிக்குது" என்றாள் மனைவி. "இவங்க ரெண்டு பேருக்கும் தெரியல. உங்களால பாக்கவும் முடியாது. நான் சொல்றேன், கொட்டுறீங்களா?"